நாளைக் காலை வரை சொல்லக் கூடாத பெயர்

புது அப்டேட் வந்த அன்று காலை குணசீலன் வீட்டில் மகளின் பெயர் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. பால் குக்கர் விசில் அடித்தது. குழாயில் தண்ணீர் வந்தது. மனைவி பொற்கொடி இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகளும் இருந்தாள், யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடையில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு. பெயர் மட்டும்தான் இல்லை.

கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது. கோயமுத்தூர்ப் பக்கம் பெண் பிள்ளையை வீட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அம்மிணி என்பார்கள். கண்ணு என்பார்கள். கோபம் வந்தால் ஏ புள்ளை என்பார்கள். பெயர் என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும்தான். அன்றும் அம்மிணி எந்திரி, அம்மிணி பல்லு வெளக்கு, அம்மிணி இட்லியத் தின்னு என்றே பொழுது ஓடியது. புதுத் தண்ணீர் பாட்டிலில் எழுதலாமென்று ஸ்கெட்ச் பேனாவைத் திறந்த பொற்கொடி அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, புள்ளை பேரு என்னங்க?"

"இதென்னடி கேள்வி?" என்றான் குணசீலன். சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடினான்.

இருவரும் பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். அட்டையில் பெயர் இருந்த இடத்தில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் வட்டம் சுற்றியது. போன தீபாவளிக்கு அவளே சுவரில் கிரேயானால் பெயரைக் கிறுக்கி அடி வாங்கிய இடத்திலும் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் சுற்றியது.

"அம்மிணி, உன்ற பேரு என்ன சாமி?"

மகள் வாயைத் திறந்து காட்டினாள். நாக்கில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மனசு பிளஸ்தானுங்க எடுத்திருக்கும்," என்றாள் பொற்கொடி. "குடும்பத் திட்டம், குடும்பத் திட்டம்னு நீங்கதான போட்டு விட்டீங்க? இப்ப பாருங்க, எனக்கும் சேத்துப் போயிருச்சு."

குணசீலன் சுவரில் சுற்றிய வட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான். அவளைக் குறை சொல்ல வழியில்லை.

ஏனென்றால் ஞாபகத்தில் வைக்க வேண்டியதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தப் போன் கம்பெனிச் சேவையான மனசு பிளஸ்ஸை ஊரில் பாதிப் பேருக்கு விற்றவனே அவன்தான். கடை வைத்து விற்கவில்லை. வாயை வைத்து விற்றான். புது போன், புது டேப்லட், இணையத்தில் புதிதாக வரும் சேவை எதுவாக இருந்தாலும் அதைப் பற்றி வீடியோவில் கருத்துச் சொல்வதுதான் அவன் தொழில். "மக்களே!" என்று கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பான். அவனுக்கென்று இரண்டு கொள்கைகள் உண்டு. முதலாவது, பெட்டியைத் திறக்க மாட்டான். திறந்தால் கருத்து கெட்டுவிடும் என்பான். கம்பெனிக்காரர்கள் அனுப்பும் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, மூடிய பெட்டியைத் தட்டிக்கொண்டே ஐந்து நட்சத்திரம் கொடுப்பான். இரண்டாவது, கம்பெனி சொன்ன நேரம் வரும்வரை அந்தப் பொருளின் பெயரை வெளியே விட மாட்டான். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்த ஆள். அந்த விஷயத்தில் மட்டும் அவனை ஒரு சொல் சொல்ல முடியாது.

பள்ளிக்கூட வாசலில் பாப்பாத்தி ஆயா மைக்கோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே நடைமுறை என்னவென்றால், சாயங்காலம் நான்கு மணிக்குப் பெற்றவர்கள் வந்து பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆயா மைக்கை நீட்டுவாள். பெயர் ஒலித்ததும் பிள்ளை வெளியே வரும்.

"ஆயா, பேரு இல்லாம வந்திருக்குது. உள்ள விடுவீங்களா?"

"உள்ள விடறதுக்குப் பேரு எதுக்குங்க? வெளிய விடறதுக்குத்தான் பேரு."

"சாயங்காலம் கூப்பிடலைன்னா?"

ஆயா தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "போன வருசம் மூணாங் கிளாஸ் பையன் ஒருத்தன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஆரும் கூப்பிடலைங்க. இந்தப் பெஞ்சுதான் அவன். நெம்ப நல்ல பெஞ்சு. ஆடவே ஆடாது."

பெஞ்சின் ஓரத்தில் டவுசர் பொத்தான் ஒன்று இருந்தது. மகள் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். கையாட்டினாள். அவன் அதற்குள் செல்போனை எடுத்து மனசு பிளஸ் சேவை மையம் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கியிருந்தான்.

மையம் கிராஸ்கட் ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டை விட்டு இறங்கினால் எதிரிலேயே கவுண்டர். கூப்பிடு தூரம்கூட இல்லை.

"என்ற பொண்ணு பேரு காணோமுங்க," என்றான்.

நடைபாதை நீண்டது. கவுண்டர் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றது.

"உங்க சேவையில கோளாறுங்க," என்றான் இன்னும் உரக்க.

இன்னும் நீண்டது. இரண்டு பக்கமும் புதுச் சுவர் முளைத்தது, அதில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. கவுண்டரில் இருந்த பெண் ஒரு புள்ளியாகிவிட்டாள்.

சுவரோரத்தில் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தாடி மடியைத் தொட்டது. பக்கத்தில் ஒரு சொம்பும் சீப்பும் இருந்தன. அவர் எழுந்து வந்து கைகூப்பினார்.

"குணசீலன் சாருங்களா? மக்களேன்னு சொல்வீங்களே, நீங்கதானுங்க? நான் கிட்டுசாமிங்க. மோட்டார் பட்டறை."

"இங்க என்னங்க பண்றீங்க?"

"உங்க வீடியோவப் பாத்துட்டு மனசு பிளஸ் போட்டேனுங்க. வூட்டுக்குப் போற வழிய உள்ள வச்சேன். அப்புறம் கெடைக்கல. கேக்கலாம்னு இங்க வந்தவன், வாய வச்சிட்டுச் சும்மா இருக்காம, போன்ல பேட்டரியும் நிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். கவுண்டரு ஒரே ஓட்டமா அந்தக் கடைசிக்குப் போயிருச்சு. அன்னைலேர்ந்து இங்கதானுங்க குடியிருப்பு."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் குணசீலனுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

"நல்லதாச் சொன்னாக் கிட்ட வருமுங்க," என்றார் கிட்டுசாமி. "எனக்கு வாய் வர மாட்டேங்குது. உங்களுக்கென்னங்க, கைவந்த கலை."

அப்படியா என்றான் குணசீலன். தொண்டையைக் கனைத்தான். கும்பிட்டான்.

"மக்களே! மனசு பிளஸ் மாதிரி ஒரு சேவை இதுவரைக்கும் வரல, இனிமே வரப் போறதும் இல்ல!"

நடைபாதை சட்டென்று சுருங்கியது.

"புது டேப்லட்டப் பாத்தீங்களா? பூ மாதிரி கனமே இல்ல! புது போன்ல கேமரா இருக்குது பாருங்க, நம்மள விட நம்ம மூஞ்சி அதுக்கு நல்லாத் தெரியுது!"

ஒவ்வொரு பொய்க்கும் கவுண்டர் ஓடோடி வந்தது. ஈரச் சுவர்கள் மடங்கின. பின்னால் கிட்டுசாமி சின்னதாகிக்கொண்டே போனார். அவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குறைந்தா போயிருப்பான்? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் யாழினி என்று எழுதியிருந்தது. தலையில் மல்லிகைப் பூ. அவளுக்கு முன்னால் ஒரு டேப்லட் தொட்டிலில் படுத்திருந்தது. சூடு ஏறாமல் இருக்க அதற்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். அனுபவம் எப்படி இருந்துச்சுங்க?"

"என்ற பொண்ணு பேரு காணோமுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க. வேற?"

"சந்தோசமா? அது என்ற பொண்ணும்மா! நாலு மணிக்கு நான் மைக்குல பேரச் சொல்லோணும். சொல்லலைன்னா புள்ளையப் பெஞ்சாக்கிருவாங்க!"

"புகாருக்கெல்லாம் நாங்க பதில் சொல்றதில்லைங்க சார். வாடிக்கையாளர் கருத்துத்தான் சொல்லும்." அவள் பின்சுவரைக் காட்டினாள்.

சுவர் முழுக்க குணசீலன் வந்தான். ஊதாச் சட்டை, எண்ணெய் வழியாத முகம். போன மாதம் எடுத்த வீடியோ.

"மக்களே! இனிமே பேரு, நாளு, கிழமைன்னு எதையும் மண்டையில தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல. எல்லாத்தையும் மனசு பிளஸ் பாத்துக்கும்!"

"என்னத்தடா பாத்துக்குச்சு?" என்று கத்தினான் கீழே இருந்த குணசீலன். "என்ற புள்ளை பேரக் குடுடா!"

"நல்ல கேள்வி மக்களே!" என்றான் சுவரில் இருந்தவன். "நெறைய பேரு இதக் கேக்கறீங்க. ஒரு தடவை உள்ள வச்சா வச்சதுதான். அவ்வளவு பாதுகாப்பு!"

"எனக்கே குடுக்காத பாதுகாப்பு எதுக்குடா?"

"அதான் பாதுகாப்பு மக்களே!"

"நான் அதத் திறந்துகூடப் பாக்காமச் சொன்னேன்!"

சுவரில் இருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். முதல் தடவையாக நேராகக் கண்ணைப் பார்த்தான்.

"அது எனக்குத் தெரியாதாடா?" என்றான்.

பிறகு பழையபடி பல்லைக் காட்டி அப்படியே உறைந்து நின்றான். குணசீலனுக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதே ஊதாச் சட்டையைத்தான் இன்றைக்கு இவனும் போட்டிருந்தான்.

"புள்ளையப் பத்திச் சொல்லுங்க சார்," என்றாள் யாழினி. "உங்க புள்ளைதானான்னு நாங்க பாக்கோணுமில்லைங்களா?"

"மூணரை அடி இருக்கும். கனம் கம்மி. கலர் மாநிறம். காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் சார்ஜ் எறங்காது..."

தன் வாயிலிருந்து வருவது தன் காதிலேயே விழுந்தது. நிறுத்தினான். சே, பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தான். எந்தப் பாட்டு, எந்தப் பண்டம், எந்தச் சிநேகிதி? ஒன்றும் வரவில்லை. அதையெல்லாம் மனசு பிளஸ் எடுக்கவில்லை. அவனிடம் எப்போதுமே இல்லை.

ஒன்று மட்டும் வந்தது. அவன் வீடியோ எடுக்கும்போது அவள் கதவைத் திறந்துகொண்டு, அப்பா இதப் பாருங்க என்று ஓடி வருவாள். அவன் கேமராவைப் பார்த்தபடியே ஒரு விரலைத் தூக்குவான். அவள் அப்படியே நிற்பாள்.

"கையால வாயப் பொத்திட்டு நிக்கும்," என்றான். "நான் விரல எறக்கற வரைக்கும் நிக்கும். எதக் காட்ட வந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்லைங்க."

"அது போதுமுங்க சார். அந்தப் புள்ளைதான்." யாழினி குனிந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தாள். "பேரு பத்திரமா இருக்குதுங்க. ஆனா இப்ப பொழக்கத்துல இருக்குது. திருப்பித் தர முடியாது."

பெட்டி மேல் தங்க எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. கம்பெனியின் புது போனுக்கு அதைத்தான் வைத்திருந்தார்கள்.

குணசீலன் படித்தான். படித்ததும் எல்லாம் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றி அவளைக் கையில் வாங்கியது, பொற்கொடி அந்தப் பெயரைச் சொன்னதும் வேறு எதுவும் வேண்டாம் என்று தானே ஒத்துக்கொண்டது, காதில் மூன்று முறை சொன்னது. அவன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான்.

"இது என்ற பொண்ணு பேரும்மா."

"ஆமாங்க சார். நெம்ப நல்ல பேரு. மீட்டிங்ல எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. மொத பெட்டி உங்களுக்குத்தான். நாளைக்குக் காலைல வெளியிடறோமுங்க. அது வரைக்கும் பேரு வெளிய வரக் கூடாது. உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினான். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கும் அனுமதி இல்லை. நாளைக் காலை கழிந்த பிறகு கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.

திரும்பும்போது நடைபாதை எந்தக் கருத்தும் கேட்கவில்லை. போகிறவர்களைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. கிட்டுசாமி சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கெடச்சுதுங்களா சார்?"

"கெடச்சுதுங்க."

"அடடா! என்ன பேருங்க?"

"நாளைக்குக் காலைலதான் சொல்ல முடியும்," என்றான் குணசீலன். பழக்க தோஷம்.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. மைக்கில் ஒவ்வொரு பெயராக ஒலித்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பையை ஆட்டிக்கொண்டு வெளியே ஓடியது. கடைசியில் உள்ளே பாதாம் மரத்தடியில் ஒரே ஒரு பிள்ளை நின்றது. மஞ்சள் ரிப்பன். அப்பாவைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாப்பாத்தி ஆயா மைக்கை நீட்டினாள். "சொல்லுங் சார். கடைசி மணி அடிக்கப் போறேன்."

குணசீலன் மைக்கை வாங்கினான். பெயர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

"சார், யாழினிங்க. சும்மா ஞாபகப்படுத்தலாம்னு கூப்பிட்டேன். நாளைக்குக் காலைலதானுங்க. முன்னாடியே வெளிய வந்துச்சுன்னா இனிமே ஒரு பெட்டியும் உங்க வீட்டுக்கு வராது. எந்தக் கம்பெனியிலேர்ந்தும் வராது."

அவன் மகளைப் பார்த்தான். அவள் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். கையை எடுக்கலாமென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

போங்கடா நீங்களும் உங்க பெட்டியும் என்று செல்போனைச் சாக்கடையில் வீசினான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தெரு முழுக்கக் கேட்டது. அவன் வாழ்நாளில் யாருக்கும் பயப்படாமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

"வந்துட்டேனுங்பா," என்றது அவன் கக்கத்தில் இருந்த வெள்ளைப் பெட்டி.

பாதாம் மரத்தடியில் நின்ற மகள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கூப்பிட்டீங்க, வந்துருச்சு. கூட்டிட்டுப் போங்க சார்," என்றாள் ஆயா.

"ஐயோ, இது இல்லைங்க! அது! அந்தப் புள்ளை!"

"அதுக்கு அந்தப் பேரு இல்லைங்களே. பேரு உங்க கக்கத்துல இருக்குது."

"அம்மிணி!" என்று கத்தினான். "அம்மிணி, வா சாமி! அப்பா வந்திருக்கேன், ஓடியா!"

மகள் கையை வாயிலிருந்து எடுத்தாள். சிரித்தாள். ஓரடி எடுத்து வைத்தாள்.

"அம்மிணிங்கறது எல்லாப் புள்ளைக்கும் பொதுங்க சார். மைக்குல செல்லாது," என்றாள் ஆயா. அவள் நல்ல மனுஷிதான். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. சொல்லிவிட்டு மணியை அடித்தாள்.

மணிச் சத்தம் அடங்கியபோது பாதாம் மரத்தடியில் ஒரு புது பெஞ்சு இருந்தது. மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. முன்கால் ஒன்று மட்டும் ஓரடி முன்னே வந்திருந்தது. சாய்மானத்தின் இரண்டு முனையிலும் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது.

ஆயாவின் போன் அடித்தது. பொற்கொடி.

"ஆயா, அவரு போன் எடுக்க மாட்டேங்கறாருங்க. அம்மிணி வந்துட்டாளுங்களா?"

ஆயா வாயெடுக்கும் முன் பெட்டி சொன்னது. "வந்துட்டேனுங்மா. அப்பா கூடத்தான் இருக்கேன்."

"சரி சாமி. பால் ஆத்தி வச்சிருக்கேன், வெரசா வாங்க."

குணசீலன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனான். இப்போது யாரும் தடுக்கவில்லை. பாதாம் மரத்தடிக்குப் போய் பெஞ்சின் ஓரமாக, கனம் படாமல் உட்கார்ந்தான். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. உட்கார்ந்தபடியே ரிப்பனைத் தடவிக் கொடுத்தான். ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. அதைத் திரும்பக் கட்டினான்.

ஆயா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்படி இருக்குதுங்க சார்? தப்பா நெனச்சுக்காதீங்க, எல்லாருகிட்டயும் கேக்கச் சொல்லியிருக்காங்க. உங்க கருத்து."

பயன்படுத்திப் பார்த்துவிட்டு அவன் சொல்ல வேண்டிய முதல் கருத்து. மடியில் பெட்டி சத்தமில்லாமல் காத்திருந்தது. ஆயாவும் காத்திருந்தாள்.

குணசீலன் வாயைத் திறந்தான். ஆயா குனிந்து உள்ளே பார்த்தாள். நாக்கில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.